ஐப்பசி பொய்த்த ஆண்டில் ஒரு தோட்டம்

ஐப்பசியையும் கார்த்திகையையும் பழந்தமிழர் கூதிர்ப் பருவம் என்றார்கள். ஊதைக்காற்றும் விடாத தூறலும் குளிரும் சேர்ந்த இரண்டு மாதங்கள். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் அறுவடை முடிந்து, இலை உதிர்ந்து, நிலம் ஓய்வுக்குப் போகிறது. கொங்கு நாட்டின் மேட்டுக்காடுகளில், அதாவது மழையை நம்பிய மேட்டு நிலங்களில், கதை வேறு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் நிலத்துக்கு ஆண்டு பிறப்பதே ஐப்பசி மழையில்தான். அந்த மழை வராவிட்டால் என்ன நடக்கிறது என்பதை 2016-ல் எங்கள் தோட்டத்தில் இருந்துகொண்டு பார்த்தேன். அன்று புரியாத பலவற்றைப் பின்னால் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டியது 440 மில்லிமீட்டர். 2016-ல் கிடைத்தது 168 மில்லிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. இதைவிட மோசமான பருவத்துக்கு 1876 வரை பின்னோக்கிப் போக வேண்டும். 1876 என்றால் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. அந்தப் பஞ்சத்தின் பெயரைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்த தலைமுறை கொங்கில் இன்னும் இருக்கிறது.

மில்லிமீட்டர் என்று சொன்னால் மனத்தில் எதுவும் படிவதில்லை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். மாநிலச் சராசரியை வைத்தே பார்த்தாலும், அந்த ஆண்டு வராமல் போன 272 மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்குப் பதினோரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் கொண்டுவந்தால் ஏக்கருக்குத் தொண்ணூறு நடை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான், வானம் தராததை மனிதன் வாங்கி ஊற்றிவிட முடியும் என்ற நினைப்பு என்னிடமிருந்து போனது.

எங்கள் பக்கத்துக்கு ஐப்பசி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மேற்கே நிற்கும் மலையே காரணம். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைக் கேரளத்துச் சரிவில் கொட்டிவிட்டு மலை ஏறி வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழையும்போது அது வெறும் காற்று. ஆடியில் தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் விடாமல் சுற்றும். தூறல் மட்டும் முகத்தில் பட்டுப் போகும். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும் இந்த ஊர்களுக்கு, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் வர வேண்டும். ‘கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை’ என்ற சொலவடை இங்கே அழகுக்காகச் சொல்லப்படுவதில்லை. கார்த்திகை கடைசி வாரத்தில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர் சொல்வது அது.

அந்த மழையும் மூன்று மாதம் ஒரே சீராகப் பெய்வதில்லை. வங்காள விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும், கிழக்கிலிருந்து வரும் காற்றலைகளும் ஒவ்வொன்றாகக் கரையேறும்போது இரண்டு நாள், மூன்று நாள் கொட்டும். பிறகு வெயில். மீண்டும் ஒரு தாழ்வு. ஒரு பருவத்தில் உருப்படியாக நான்கைந்து தடவை கடல் கொடுக்கும். அவற்றில் மூன்று தவறினால் பருவமே போனது.

2016-ல் பருவம் தொடங்கியதே அக்டோபர் 30-ல், வழக்கத்தைவிடப் பத்து நாள் தாமதமாக. அதற்குச் சற்று முன் கடலில் உருவான கியாந்த் புயல் ஆந்திரக் கரையை நோக்கி நகர்ந்து கடலிலேயே கரைந்தது. டிசம்பர் தொடக்கத்தில் வந்த நாடா, கரையேறுவதற்குள் வலுவிழந்தது. டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்களுக்கு அதிலிருந்து மூட்டமும் சில தூறல்களும் வந்தன. பெருங்கடல்களின் நிலையும் எதிராக இருந்தது. பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. சென்னையை மூழ்கடித்த 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அடுத்த ஆண்டே நிலை தலைகீழாகி, அதே கடல் குளிரும் லா நினா பக்கம் சாய்ந்தது. இந்தியப் பெருங்கடலிலும் கிழக்கு ஓரம், இந்தோனேசியப் பக்கம், வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. மேகம் திரளும் இடம் எங்களைவிட்டு வெகுதூரம் கிழக்கே போய்விட்டது. அன்று தோட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. ‘இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்’ என்றே ஒவ்வொரு மாலையும் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் நாங்கள் செய்த பெரிய தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

மண்ணின் தாகம் முதலில்

ஐப்பசியில் மழையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் பத்து மில்லிமீட்டர், பத்து நாள் கழித்துப் பதினைந்து என்று பெய்தது. காடு லேசாகப் பச்சை கட்டியது. வழியில் பார்த்தவர்கள் ‘உங்க பக்கம் மழை உண்டாமே’ என்றார்கள். கிணற்று மட்டம் மட்டும் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

காரணம் எளிது. ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் வறட்சியைப் புரிந்துகொள்ள முடியாது. மழைநீர் மண்ணில் இறங்கினால், மண் தன் தாகம் தீர்ந்த பிறகுதான் மீதியைக் கீழே விடும். எங்கள் செவ்வல் நிலத்தில் இரண்டு மூன்று அடியிலேயே ஓடைக்கல்லும் பாறையும் தட்டும். அந்த மேல்மண் தோராயமாக 60, 70 மில்லிமீட்டர் நீரைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். அது நிரம்பி வழிந்தால்தான் பாறை வெடிப்புக்கும் அதன் வழியே கிணற்றுக்கும் பங்கு. இதற்கிடையில் வெயிலும் பயிரும் நாளொன்றுக்கு நான்கு, ஐந்து மில்லிமீட்டரை மேலே இழுத்துவிடுகின்றன. பதினைந்து மில்லிமீட்டர் மழை நான்கு நாளில் தீர்ந்துபோகும். அடுத்த மழை பத்து நாள் கழித்து வந்தால் மண் பழையபடி வெறும் வயிற்றோடு நிற்கும். இப்படிப் பத்துத் தடவை பெய்து 150 மில்லிமீட்டர் சேர்ந்தாலும் கிணற்றுக்கு ஒரு சொட்டுப் போகாது. அதே 150 இரண்டு நாளில் பெய்தால் குட்டை நிறையும், ஓடை ஓடும், கிணற்றில் ஊற்று திறக்கும்.

ஆகவே 38 விழுக்காடு மழை பெய்த ஆண்டில் கிணற்றுக்கு 38 விழுக்காடு நீர் கிடைத்தது என்று கணக்கிடக் கூடாது. பல தோட்டங்களில் கிடைத்தது பூஜ்யம். செய்தியில் வரும் பற்றாக்குறை எண்ணைவிடக் கிணற்றின் பற்றாக்குறை எப்போதும் பெரியது.

பெரியவர்கள் மழையை மில்லிமீட்டரில் சொன்னதில்லை. உழவு மழை என்று சொன்னார்கள். ஏர் ஓட்டும் அளவுக்கு ஈரம் இறங்கினால் ஓர் உழவு மழை. என் அப்பாரு, அதாவது தாத்தா, மழை விட்டதும் குடையைக்கூட வைக்காமல் கடப்பாரையோடு காட்டுக்குப் போவார். குத்திப் பார்த்து, எத்தனை விரற்கடை நனைந்திருக்கிறது என்று சொல்வார். மழைமானியைவிட அந்தக் கடப்பாரை சொன்ன சேதியே விவசாயத்துக்கு வேண்டியது. மேலே விழுந்தது எவ்வளவு என்பது வானிலைக் கணக்கு. கீழே இறங்கியது எவ்வளவு என்பது தோட்டத்துக் கணக்கு.

கிணற்றையும் அப்படித்தான் அளக்க வேண்டும். மோட்டார் எத்தனை நேரம் ஓடுகிறது, நின்ற பிறகு மறுபடி ஊற எத்தனை நேரம் ஆகிறது என்ற இரண்டு எண்கள் போதும். எங்கள் கிணறு நல்ல கார்த்திகையில் ஆறு மணி நேரம் இறைக்கும். மறுநாள் காலைக்குள் ஊறிவிடும். 2016 கார்த்திகையில் ஒன்றரை மணி நேரத்தில் வற்றியது. ஊற இரண்டு நாள் ஆனது. இந்த எண்களை அப்பா ஒரு காலண்டரில் குறித்துவைத்திருந்தார். குறித்தோமே தவிர, அதன் பொருளை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆயிரம் அடிக்குக் கீழே

மார்கழியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊருக்குள் வந்தன. நாடு முழுவதும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பேர்போன ஊர். இரவெல்லாம் அந்த இரைச்சல் கேட்டது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, இன்னார் தோட்டத்தில் போர் போடுகிறார்கள் என்று படுத்தபடியே தெரிந்துகொள்வோம். விடிந்ததும் வயல் ஓரத்தில் குவிந்திருக்கும் வெள்ளைத் தூளைப் பார்த்தாலே முடிவு தெரியும். தூள் சேறாக இருந்தால் தண்ணீர். புழுதியாக இருந்தால் கடன்.

தமிழ்நாட்டின் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. ஆற்று வண்டல் நிலத்தில் நீர் மணலுக்குள் பரவி நிற்கும். எங்கே தோண்டினாலும் ஓர் ஆழத்தில் கிடைக்கும். பாறை நிலத்தில் நீர் தங்குவது இரண்டே இடங்களில். மேலே சிதைந்த பாறை, அதாவது பல நூறாயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் தின்று உதிர்த்த அடுக்கு. எங்கள் திறந்த கிணறுகள் குடிப்பது அதைத்தான். அதற்குக் கீழே திடப் பாறையில் அங்கங்கே ஓடும் வெடிப்புகள். போர் போடுவது என்பது ஆறரை அங்குலத் துளை ஒன்று ஏதாவது ஒரு வெடிப்பைச் சந்திக்குமா என்று பார்ப்பதுதான். இருபது அடி தள்ளிப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பீறிட, நமக்கு 900 அடியிலும் புழுதி பறக்கும். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் நெருங்கி இறுகிக் குறையும். அடிக்கான கூலியோ ஆழத்தோடு ஏறும். ஆயிரம் அடிக்குக் கீழே போகிறவர் குறையும் வாய்ப்புக்குக் கூடும் விலை கொடுக்கிறார்.

கிடைத்தாலும் அது சேமிப்பிலிருந்து எடுப்பது. அந்த வெடிப்புக்கும் ஒருநாள் மழைதான் நீர் தர வேண்டும். 2017-ல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் (வருவாய்க் குறுவட்டங்களில்) 462-ல் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டிருந்தது. உழவுக்கு மின்சாரம் இலவசமானது பல ஏழைக் குடும்பங்களை நிமிர்த்தியது என்பதை நேரில் பார்த்தவன் நான். அதை நிறுத்தச் சொல்லும் மனம் எனக்கு இல்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும் மோட்டாருக்கு, போதும் என்று சொல்ல யாருமில்லை என்பதும் உண்மை.

குறைந்த நீர் வரும் போர்களில் கம்ப்ரசர் வைத்துக் காற்றால் ஊதி, நீரைத் திறந்த கிணற்றில் சேர்த்து, அங்கிருந்து பாய்ச்சுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாசியில் எங்கள் கிணற்றுக்குப் போர்த் தண்ணீர்தான் ஊற்று. ஆழத்து நீர் உப்புக் கலந்து சப்பையாக வந்தது. சோறு பழுப்பாக வெந்தது. குடிக்க ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்தோம். இளங்கன்றுகளின் இலை நுனி கருகியதற்கு வறட்சி பாதி, உப்பு பாதி.

தென்னையின் நினைவு

வறண்ட கூதிரின் மிக ஆழமான காயம் தென்னையில்தான் விழுந்தது. அதுவும் உடனே தெரியவில்லை.

சோளம் வாடினால் ஒரு வாரத்தில் தெரியும். தென்னை மாதக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் நிற்கும். மாசியில் கீழ்மட்டைகள் அடியோடு தொங்கத் தொடங்கின. காற்றில்லாத பகலிலும் குரும்பைகள் பொத்பொத்தென்று உதிர்ந்தன. சித்திரையில் குருத்து சாய்ந்தது. குருத்து சாய்ந்த மரம் பிழைப்பதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம், திண்டுக்கல் பக்கமெல்லாம் மொட்டை மரங்கள் வரிசையாக நின்ற காட்சி அந்தக் கோடையில் சாலையில் போன எல்லோருக்கும் நினைவிருக்கும்.

பிழைத்த மரங்களின் கதை இன்னும் நீளமானது. தென்னம்பாளை வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதங்களுக்கு முன்பே குருத்துக்குள் கருக்கொள்கிறது. வெடித்துக் காய் பிடித்து முற்ற இன்னும் பன்னிரண்டு மாதம். ஆக, 2016 கார்த்திகையில் மரத்தின் நெஞ்சுக்குள் கருவாகத் தொடங்கிய பாளை 2020 ஆடி வாக்கில்தான் தேங்காயாகக் கைக்கு வரும். அந்தக் கரு உருவான நாளில் மரத்தில் ஈரம் இல்லையென்றால் பாளை சிறுத்துப்போகிறது, பெண்பூக்கள் குறைகின்றன. சில கருவிலேயே கருகிவிடுகின்றன. நான்கு ஆண்டுக்குள் விழும் ஒவ்வொரு காய்ப்பிலும் அந்த ஒரு பருவத்தின் ஏதோ ஒரு வடு இருக்கும். 2017 ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை பெய்து தோட்டம் பச்சையான பிறகும் காய் குறைந்துகொண்டே போனது. ‘இப்பத்தான் மழை பேஞ்சிருச்சே, இன்னும் என்ன?’ என்று காய் வாங்க வந்த வியாபாரி கேட்டார். என்ன பதில் சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, 2016-ல்தான் பொள்ளாச்சிப் பக்கத்தில் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பூச்சி. இலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். அது வடிக்கும் தேன் போன்ற கசிவில் கரும்பூசணம் படர்ந்து மட்டையே கரி பூசியதுபோல் ஆகிவிடும். நல்ல மழை அடித்துக் கழுவினால் ஈ குறையும். வறண்ட பருவம் அதற்கு விருந்து.

ஏக்கருக்கு எழுபது மரம். சொட்டுநீரில் கொடுத்தாலும் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 60, 70 லிட்டர் வேண்டும். ஒரு லாரித் தண்ணீர் ஓர் ஏக்கருக்கு மூன்று நாளைக்குக்கூட வராது. எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினோம். அது மேல்மண்ணை நனைத்து ஆவியானது. எந்த மரத்துக்கும் வேர்வரை போகவில்லை. பாதி மரங்களைக் கைவிட்டு, மீதிப் பாதிக்கு நிறைவாகக் கொடுத்திருந்தால் அந்தப் பாதியாவது முழுசாகத் தேறியிருக்கும். அப்பா வைத்த மரங்களில் எதை விடுவது என்று கை நீட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஐம்பது வயதைக் கடந்த மரங்களை விட்டுவிட வேண்டும். நல்ல காய்ப்பில் இருக்கும் நடுவயது மரங்களைக் காப்பாற்ற வேண்டும். கன்றுகளுக்குக் குறைந்த நீரே போதும், அவற்றைக் கூடவே தேற்றிவிடலாம். இதை இப்போது தெளிவாகச் சொல்கிறேன். சொல்வதற்கு நான் கொடுத்த விலை முப்பத்தெட்டு மரம்.

நீரைவிட மூடாக்கு பெரிது என்பதையும் பிந்தியே கற்றோம். உரிமட்டைகளை மரத்தைச் சுற்றி வட்டமாகக் கவிழ்த்துப் பரப்பினால் மண்ணின் ஈரம் வெயிலுக்குப் போகாமல் தங்கும். குழி எடுத்துப் புதைப்பதாக இருந்தால் உட்குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க அடுக்க வேண்டும். ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னத் தொட்டியாகி மழையைப் பிடித்துவைக்கும். காய்ந்த கீழ்மட்டைகளை வெட்டி அங்கேயே போடலாம். எல்லாம் தோட்டத்திலேயே கிடப்பவை. நாங்களோ அந்த ஆண்டு வரை உரிமட்டையைக் கயிறு ஆலைக்கு விற்றுக்கொண்டிருந்தோம். ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. மூடாக்கு இருக்கிற ஈரத்தைத்தான் காக்கும். ஐப்பசியின் அந்தச் சில மழைகளுக்குப் பிறகு, மண் நனைந்திருந்த நாளிலேயே போட்டிருக்க வேண்டும். மாசியில் காய்ந்த மண்மேல் போட்டதால் பெரிதாகப் பயனில்லை.

கட்டுத்தறி

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு பற்றி வெளியூரார் பலருக்குத் தெரியாது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழாத, பாசனம் இல்லாத மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாட்டினம் உருவானதே இந்த நிலத்தில்தான். வறட்சிக்கென்றே தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்ட ஏற்பாடு இது. புல் காய்ந்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தாலும் தூர் உயிரோடிருக்கும். ஓர் உழவு மழைக்குத் துளிர்த்துவிடும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாகும்.

அந்தக் கொறங்காடே 2016-ல் எழவில்லை. ஐப்பசியில் எழ வேண்டிய புல் நான்கு விரல் உயரத்தில் நின்று கதிர் தள்ளிவிட்டது. மாடுகள் வேர்வரை கடித்தன. வழக்கமாகக் கை கொடுப்பது டெல்டாவிலிருந்து வரும் வைக்கோல். அந்த ஆண்டு டெல்டாவின் சம்பாவே கருகிக் கிடந்தது. ஓர் ஊருக்கு வறட்சி வந்தால் அடுத்த ஊரில் வாங்கலாம். மாநிலமே வறண்டால் காசிருந்தும் தீவனமில்லை.

சோளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். தீவனத்துக்காக விதைத்த சோளம் ஈரமில்லாமல் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும்போது அதில் சயனைடு நஞ்சு கூடுகிறது. வாடிய பயிருக்கு ஒரு தூறல் கிடைத்து அடியிலிருந்து கிளம்பும் இளம் துளிர் இன்னும் கொடியது. பசித்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய் நாலு வாய் கடித்தால், கால்மணி நேரத்தில் நுரை தள்ளி விழுந்துவிடும். மருத்துவர் வந்து ஊசி போடுவதற்கான அவகாசமே இருக்காது. நன்றாக உலர்த்தித் தீவனப்போராக அடுக்கிவைத்த தட்டில், அதாவது காய்ந்த சோளத்தாளில், இந்த நஞ்சு பெரும்பாலும் குறைந்துவிடும். பெரியவர்கள் ‘வாடுன சோளத்துக்கிட்ட மாட்ட உடாதே’ என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் ஒரு சினைமாடு அப்படிப் போனது.

தை மாதம், 2017 ஜனவரி 17 முதல் 23 வரை, சென்னை மெரினாவிலும் மாநிலம் முழுவதும் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டார்கள். நாட்டு மாடுகளைக் காப்போம் என்ற குரல் எங்கும் கேட்டது. காங்கேயம் காளையின் படம் ஆயிரக்கணக்கான பதாகைகளில் இருந்தது. அந்த உணர்ச்சி உண்மையானது, அதை மதிக்கிறேன். அதே வாரத்தில் காங்கேயம் பக்கத்தில் பசுக்களும் கிடாரிகளும் தீவனம் இல்லாமல் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. நாட்டு மாட்டைக் காப்பது என்றால் அந்த மார்கழி, தையில் அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது: தட்டு. ஒரு மாட்டுக்கு நாளுக்கு எட்டு, பத்து கிலோ உலர்தீவனமும் நாற்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீரும்.

நாங்கள் நான்கு மாடுகளில் இரண்டை மாசியில் விற்றோம். எல்லோரும் விற்கிற நேரத்தில் விற்றோம். கார்த்திகையிலேயே ஒன்றை விற்று, அந்தப் பணத்தில் மீதி மூன்றுக்கும் தட்டு வாங்கிப் போராக அடுக்கியிருக்கலாம். சித்திரையில் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்குப் போனபோது, எப்போதும் மாடு பிடிக்கப் போகிற நாங்கள் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பணமும் நிவாரணமும்

அந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது நவம்பர் 8-ஐ விட முடியாது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது ஐப்பசி கடைசியில். ஒரு வாரத்துக்குள் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று தடை வந்தது. கிராமத்துக்கு வங்கி என்றால் கூட்டுறவுதான். தட்டுப்போர் விலைக்கு வந்தது. கையில் செல்லுபடியாகும் பணம் இல்லை. முடிவெடுக்க வேண்டிய மூன்று வாரங்களும் வரிசையில் கழிந்தன.

2017 ஜனவரி 10-ல் தமிழ்நாட்டின் அப்போதைய 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நிலவரி தள்ளுபடியானது. பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000, நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 என்று நிவாரணம் வந்தது. எழுபது தென்னை நிற்கும் ஏக்கரில் வகுத்துப் பார்த்தால் மரத்துக்கு 104 ரூபாய். அந்தத் தொகையும் பலருக்கு உதவியது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் இந்த முறை ஒரு பருவத்தின் பயிரை மட்டுமே இழப்பாகப் பார்க்கிறது. நான்கு ஆண்டு நீளும் தென்னையின் இழப்புக்கோ, புழுதியாய்ப் போன போருக்கோ, விற்றுப்போன தாய்ப்பசுவுக்கோ அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

இத்தனையையும் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். வறட்சி என்றவுடன் எல்லோர் மனத்திலும் வருவது சித்திரை வெயில், வெடித்த ஏரி, காலிக் குடம். அவையெல்லாம் முடிவுரை. எங்கள் நிலத்தில் வறட்சி நடப்பது ஐப்பசியில், இதமான காற்றில், லேசாகப் பச்சை தெரியும் காட்டில். அப்போது யாரும் அதை வறட்சி என்று அழைப்பதில்லை. கிணறு ஊறும் நேரம் கார்த்திகை முதல் வாரத்தில் இரு மடங்கானால் அன்றைக்கே மஞ்சளையும் காய்கறியையும் விட்டுவிட வேண்டும். எந்தத் தென்னைக்குத் தண்ணீர், எதற்கு இல்லை என்று அடையாளம் போட வேண்டும். தட்டு வாங்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே மூடாக்குப் போட வேண்டும். பிறகு மழை வந்துவிட்டால் நஷ்டம் கொஞ்சம். வராவிட்டால் தோட்டம் மிஞ்சும்.

2017-க்குப் பிறகு ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம், மேட்டிலிருந்து ஓடி வருகிற நீர் கிணற்றுக்கு மேற்கே தங்கும்படி. சொட்டுநீர் போட்டோம். கொறங்காட்டில் பாதியை மாற்றி மாற்றி அடைத்துவைத்து, மேய்க்காமல் விடுகிறோம். கடப்பாரை இப்போது என் கையில்.

தென்னந்தோப்பில் நடந்தால், பிழைத்த மரங்களின் தண்டு ஓரிடத்தில் இடுப்பைப் பிடித்ததுபோல் சிறுத்து, அதற்கு மேலே மறுபடி பருத்துப் போவதைப் பார்க்கலாம். தண்டு வளரும் நுனியில் ஈரம் இல்லாத காலத்தில் உருவான பகுதி அது. தென்னை பின்னால் எவ்வளவு நீர் குடித்தாலும் அந்த இடம் பருக்காது. எங்கள் நடுவயது மரங்களில் அந்தச் சிறுத்த இடம் எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிறது. மரம் வளர வளர அதற்கு மேலே புதுத் தண்டு ஏறுகிறது. போன வாரம் காய் பறிக்க ஏறியவர் பாதியில் நின்று, ‘இந்த எடத்துல கால் வழுக்குதுங்க’ என்றார். அது 2016 என்று கீழிருந்து சொன்னேன்.